அக்காவின் சென்ட் போத்தல்

அம்பிட்டிய வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் வட்டமான ஒரு கறை இருக்கிறது. அக்காவின் சென்ட் போத்தல் பல வருடம் நின்ற இடம். அக்காவுடையது என்றாலும் என்னுடையதும்தான். தெல்தோட்டைக்குப் படிப்பிக்கப் போகும் அவளும் கந்தோர் வேலைக்குப் போகும் நானும் காலையில் அதைத்தான் அடித்துக்கொள்வோம். ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும் என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கி வந்தவள் அவள். "ரெண்டு பேருக்கும் ஒன்னு போதும் தம்பி. வாசத்துக்கு மீசையா இருக்கு?" என்பாள். அதன் பெயரை நான் ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை.

போன வருடம் காய்ச்சலில் விழுந்தவள் நான்கே நாளில் போய்விட்டாள். சவப்பெட்டியை மூடுமுன் சென்ட் தெளிப்பது எங்கள் வழக்கம். "வீட்ல சென்ட் ஏதும் இருக்கா தம்பி?" என்று சித்தப்பா கேட்டார். கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். ஆளுக்கு ஆள் அடித்துத் தீர்த்தார்கள். காலிப் போத்தலைப் பூக்களோடு அவள் காலடியிலேயே வைத்து மூடினார்கள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இன்றும் முழுதாக உறைத்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

போன மாதம் அவளுடைய ஆண்டுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபோது, அவள் வாசம் எனக்கு மறந்துபோயிருந்தது. பயந்துபோய், அதே சென்டைத் தேடிக் கண்டி டவுனுக்குப் போனேன். பழைய போத்தலின் அடையாளங்களைக் கேட்ட கடைப்பெண், "அது இப்ப சதுரப் போத்தல்ல வருது சேர். இது ரெண்டுல ஒன்னாத்தான் இருக்கும்" என்று கைக்கு ஒன்றாக அடித்துவிட்டாள். "ஒடனே முடிவெடுக்காதீங்க. கொஞ்ச நேரம் போனாத்தான் சரியான வாசம் வரும்."

வாவியைச் சுற்றி நடந்தேன். வலது மணிக்கட்டில் நல்ல வாசம்தான், ஆனால் யாரோ ஒருவருடையது. இடது மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது, இதுதான். ஆனால் வந்து நின்றது கண்ணாடி முன் தலைவாரும் அக்கா இல்லை. மெழுகுதிரியும் பூக்களும் மூடப்போகும் பெட்டியும். அத்தனை வருடக் காலைகளையும் அந்த ஒரு பகல் தின்றுவிட்டிருந்தது. போத்தலை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அழுகை வரும் என்று வாவிக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

கடைக்குத் திரும்பி, வலது கையில் அடித்ததைக் கேட்டேன்.

"அதுதானா சேர் நீங்க தேடினது?"

"ஆமா."

இப்போது அதைத்தான் அடித்துக்கொண்டு கந்தோருக்குப் போகிறேன். சதுரப் போத்தலை வட்டத்தின் மேல் வைக்க மனம் வரவில்லை. பக்கத்தில் தள்ளி வைத்திருக்கிறேன். அலுமாரியின் மேல்தட்டை இன்னும் துடைக்கவில்லை.