கோலத்துக்கு மேலே ஒரு விளம்பரம்

என் கணவர் திருத்தங்கலுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். நான் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து பிரஸ்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கே டமார் என்று கேட்டாலும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவேன். கோயில் வேட்டா, வேறெதுவுமா என்று தெரியும்வரை வாசலில் போய் நிற்பேன். பட்டாசு ஊரில் வாக்கப்பட்டுவிட்டு வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிறாளே என்று தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் வீட்டு ஆம்பளைகள் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவர்கள்.

வேலையை விடச் சொல்லி தினமும் நச்சரிப்பேன். பிரஸ்ஸில் பைண்டிங் வேலை தயாராக இருந்தது, ஆனால் சம்பளம் பாதிதான். மீதியை நான் சம்பாதிக்க வேண்டும். அதற்காகத்தான் கோலங்களுக்கென்று ஒரு வெப்சைட் ஆரம்பித்தேன். எல்லாம் நானே புள்ளி வைத்துப் போட்டவை. கோலத்துக்கு மேலே நீளமாக ஒரு விளம்பரம் வரும். வெளிநாட்டு விளம்பரக் கம்பெனி ஒன்று அனுப்புவது. பார்க்க வருகிறவர்கள் அதை அமுக்கினால் எனக்குக் காசு ஏறும். நூறு டாலர் சேர்ந்தால் செக் அனுப்புவார்கள்.

அவர் நம்பவில்லை. "முகம் தெரியாதவன் உனக்கு எதுக்குப் பணம் அனுப்பப் போறான்? செக்கைக் கண்ணால பாத்துட்டேன்னா மறுநாளே கணக்கை முடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. ஆகவே அந்த ஒரு செக்கை உயிராக நம்பியிருந்தேன்.

மார்கழியில் எங்கெங்கோ இருக்கிற நம் ஊர்ப் பெண்களெல்லாம் வந்து பார்த்தார்கள். பொங்கலுக்குள் எண்பது டாலரைத் தாண்டியது. தை பிறந்ததும் யாருக்கும் கோலம் தேவைப்படவில்லை. காசு எறும்பாக ஊர்ந்தது, வெயில்தான் ஏறிக்கொண்டே போனது. கோடையில் சூட்டுக்கே மருந்து பற்றிக்கொள்ளும்; அந்த அறையை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. அவரிடம் புலம்பித் தீர்த்தேன். "அதுக்காக நீங்க அமுக்கிறாதீக. நாமளே அமுக்குனா கள்ளக் கணக்குன்னு வெட்டி விட்டுருவாக" என்றும் சொல்லிவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"நூறு தாண்டியிருக்கும், பாரு."

என் புலம்பலை அவர் அறையில் போய்ச் சொல்லியிருக்கிறார். கூட வேலை பார்க்கிறவர்கள் இவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய், வரிசையாக உட்கார்ந்து விளம்பரத்தை அமுக்கு அமுக்கென்று அமுக்கியிருக்கிறார்கள். சென்டர் காசை அவரவரே கொடுத்தார்களாம். விசேஷ வீட்டில் மொய் செய்கிற மாதிரிதான். குறைவாக அமுக்கியவரை "ஏலே, இம்புட்டுத்தானா?" என்று மற்றவர்கள் கேலி வேறு செய்திருக்கிறார்கள்.

"அமுக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் தொடவே இல்லையே. பின்னாடி சும்மாதான் நின்னேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். திறந்து பார்த்தால், நூறு தாண்டித்தான் இருந்தது. ஒருவேளை விளம்பரக்காரர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. முறைகேடாக அமுக்கியிருக்கிறார்கள், கணக்கை மூடிவிட்டோம், பணம் கிடையாது என்றிருந்தது. விளக்கிப் பதில் போட உட்கார்ந்தேன். மொய் என்றால் என்னவென்று அவர்களுக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது? என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். முடிவு மாறாது என்று மறுபடியும் வந்தது.

"ஏன் இப்படிப் பண்ணீக?" என்று அவரிடம் கத்தினேன்.

"நம்மள்ல ஒருத்தனாவது அந்த ரூமை விட்டு வெளிய போகட்டும்னுதான் அம்புட்டுப் பேரும் வந்தாங்க" என்றார். மெயிலை மூடிவிட்டுச் சோறு போட எழுந்தேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல வேனில் ஏறிப் போனார். திரும்பி வந்ததும், "அவுககிட்ட என்ன சொன்னீக?" என்று கேட்டேன்.

"செக் வந்துருச்சுன்னு சொன்னேன். பாதிச் சம்பளத்துக்குப் போக மனசு வரலை, இங்கனயே இருந்துக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு?"

"காசுப் பேய்னு ஏசுனாங்க."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அதன் பிறகு அந்த அறையில் இருந்த காலம் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். அவர் ஒருநாளும் அவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை.