கொக்குக் கழுத்தும் கறுப்பு டர்டில்நெக்கும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம், குவாலியரில் நடந்தது இது. நெய்வேலியில் சுரங்கத்து கன்வேயர் பெல்ட் பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்களுடையதைப் போன்ற ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர்கள் நாலைந்து பேர் குழுவாகச் சேர்ந்து வேலையிடத்துச் சிக்கல் ஒன்றைத் தீர்ப்போம். பிறகு அதைப் போட்டி மேடையில் நடுவர்கள் முன் விளக்குவோம். மழைக்காலத்தில் பெல்ட்டில் அப்பிக்கொள்ளும் களிமண்ணைச் சுரண்டி எடுக்க நாங்கள் ஒரு அமைப்பு செய்திருந்தோம். அது படிப்படியாக ஜெயித்து அகில இந்தியப் போட்டி வரை வந்துவிட்டது. விளக்கிப் பேச வேண்டியவன் நான்.

எனக்குக் கழுத்து நீளம். பள்ளிக்கூடத்தில் கொக்கு என்பார்கள், ஷிப்டிலும் அதே பெயர்தான். பயந்தால் தொண்டைமணி ஏறி இறங்குவது பத்தடி தூரத்தில் இருப்பவருக்கும் தெரியும். மேடை என்றதும் இங்கிலீஷைவிட அதுதான் எனக்குப் பெரிய கவலை.

வடக்கே குளிர் எலும்பைத் துளைக்கும் என்று எல்லோரும் சொன்னதால், வடலூர் ரோட்டோரத்தில் ஸ்வெட்டர் விற்பவரிடம் கறுப்பு டர்டில்நெக் ஒன்று வாங்கினேன். கழுத்தை முழுக்க மூடி, மேலே மடித்துவிடுகிற மெல்லிய கம்பளிச் சட்டை. வீட்டில் போட்டுக் காட்டியபோது மனைவி சிரித்துவிட்டாள்.

"நம்மூரு வெயில்ல இத போட்டுகினு நின்னா கொழுக்கட்டையாட்டம் வெந்துடுவீங்க" என்றாள்.

ரயில் நாக்பூரைத் தாண்டியதும் குளிர் ஆரம்பித்தது. டர்டில்நெக்கை எடுத்து மாட்டிக்கொண்டேன். கீழே லுங்கி. சேத்தியாத்தோப்பிலிருந்து வேலைக்கு வரும் எங்கள் குழுத் தம்பி என்னைப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, தலகாணி ஒறைக்குள்ள பூந்துகினு வர்ற மாதிரி இருக்கு" என்றான். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தேன்.

போபாலில் எழுந்து பார்த்தால் சீட்டுக்கு அடியில் என் கறுப்புப் பை இல்லை. அதே போன்ற வேறொரு பை இருந்தது. யாரோ இறங்கும் அவசரத்தில் மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள். நாலு பேருக்கும் ஒன்றாகத் தைத்த நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, டை என்று என்னுடையது எல்லாம் அந்தப் பையில். என்னிடம் மிஞ்சியது லுங்கி, மடித்துத் தலைக்கு வைத்திருந்த சாம்பல் நிற பேண்ட், உடம்பில் இருந்த டர்டில்நெக். டிடிஆரிடம் சொல்லி, அந்தப் பையை ஒப்படைத்துவிட்டு, வெறும் கையோடு குவாலியரில் இறங்கினேன்.

மறுநாள் காலை முதல் அமர்விலேயே எங்கள் முறை. கடை தேடிப் போகவும் நேரமில்லை. எங்கள் குழுத் தலைவி ஒரு இளம் என்ஜினீயர், என்னைவிட வயதில் சின்னவர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மூணு பேர் கோட்டுல நிக்க, நீங்க மட்டும் ஸ்வெட்டர்ல நின்னா நல்லா இருக்காது. நீங்க ஸ்லைட் பாத்துக்கங்க. நான் பேசிடறேன்."

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தச் சுரண்டும் அமைப்பு என் தலையில் உதித்தது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அத்தனை வரியையும் மனப்பாடம் செய்திருந்தேன். சரிங்க என்று சொல்லிவிட்டு, தங்கும் விடுதி வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

பக்கத்து அறையில் ஒடிசா எஃகு ஆலை ஒன்றின் குழு தங்கியிருந்தது. அவர்களுக்கும் எங்கள் பிரிவில்தான் போட்டி. அதில் ஒரு தெலுங்குக்காரர், குட்டையாக, உருண்டையாக இருப்பார். சென்னையில் சில காலம் வேலை பார்த்தவர் என்பதால் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசுவார். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"சார், இது உங்க கழுத்துக்குத் தெச்ச மாதிரி இருக்கு. என்னைப் பாருங்க, கழுத்தே இல்ல. நான் போட்டா ஆமை."

உள்ளே போய்த் தன் கருஞ்சாம்பல் கோட்டை எடுத்து வந்தார். அவர் மதியம்தான் பேச வேண்டும். காலையில் நான் போட்டுவிட்டு, இறங்கியதும் கொடுத்தால் போதும் என்றார்.

தோள் எனக்குப் பொருந்தியது, இடுப்பு தொளதொளத்தது. பட்டனைப் போடாமல் திறந்தே விடச் சொன்னார். நான் முகவாய் வரை இழுத்துவிட்டிருந்த கழுத்துப் பட்டியை ஒரே மடிப்பாகச் சீராக மடித்துவிட்டார். கீழ்ப்பகுதியைச் சுருக்கமில்லாமல் பேண்ட்டுக்குள் செருகி பெல்ட் போடச் சொன்னார். டைக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

"டை வேணாம் சார். கழுத்தே டை."

காலையில் அப்படியே போய் எங்கள் தலைவி முன் நின்றேன். கையிலிருந்த பேச்சுக் குறிப்பை என்னிடமே நீட்டினார். "அண்ணே, நீங்கதான் பேசறீங்க" என்றார். தம்பி மட்டும், "நாங்க மூணு பேரும் உங்களுக்கு செக்யூரிட்டி மாதிரி இருக்கோம்ணே" என்றான்.

மேடை ஏறியபோது தொண்டைமணி வழக்கம்போலத் துள்ளத்தான் செய்தது. ஆனால் யாருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அந்தத் தெம்பிலேயே முதல் வரியைச் சொன்னேன். அடுத்தது தானாக வந்தது. ஒரு நடுவர் குறுக்கே கேட்ட கேள்விக்கு, கையை ஆட்டி, களிமண் எப்படி ஒட்டும், பிளேடு எந்தக் கோணத்தில் சுரண்டும் என்று விளக்கினேன். மனப்பாடம் செய்யாத இங்கிலீஷ் அது. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். கைதட்டல் ஓய்ந்ததும் நேராகப் பின்வாசலுக்கு ஓடி, கோட்டைக் கழற்றி அந்தத் தெலுங்குக்காரருக்கு மாட்டிவிட்டேன். மதியம் அவரும் பிரமாதமாகப் பேசினார்.

மாலை முடிவு அறிவித்தார்கள். எங்களுக்கு முதல் பரிசு. அவர்கள் குழுவுக்கு இரண்டாவது. எனக்கு ஒரு நிமிஷம் சங்கடமாகிவிட்டது. அவரோ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கோட்டின் காலரைத் தூக்கிக் காட்டி, "ரெண்டு பரிசும் இந்தக் கோட்டுக்குத்தான்" என்றார். அன்று இரவு விருந்துக்குக் கோட்டில்லாமல் வெறும் டர்டில்நெக்கில், கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு வரச் சொன்னார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நாலைந்து பேர் எங்கே வாங்கியது என்று விசாரித்தார்கள். வடலூர் என்றேன். புரிந்த மாதிரி தலையாட்டினார்கள்.

பை கிடைக்கவேயில்லை. ஊர் திரும்பியதும் கிறிஸ்துமஸ் வந்தது. காலை ஆராதனைக்குப் பட்டுக்கரை வேட்டியோடு அந்தக் கறுப்பு டர்டில்நெக்கைப் போட்டுக்கொள்ளச் சொன்னது என் மனைவிதான். சர்ச் வாசலில் எங்கள் குடியிருப்பு பிளாக்கே திரும்பிப் பார்த்தது. இப்போது மார்கழிப் பனியில் முதல் ஷிப்டுக்கு யூனிபார்ம் சட்டைக்குள் அதைப் போடுகிறேன். கல்யாண வரவேற்புக்கென்று கிரீம் நிறத்தில் இன்னொன்றும் வாங்கியாயிற்று. கொக்கு என்று யாராவது கூப்பிட்டால் நிமிர்ந்தே திரும்புகிறேன்.

போட்டியில் எனக்கு எதிரே நின்ற ஒருவர், நான் தோற்றால் தனக்கு லாபம் என்று தெரிந்தும், என்னை மேடைக்குத் தகுந்தவனாக்கி அனுப்பிவைத்தார். ஜெயிப்பது எவ்வளவு சந்தோஷம் என்று அன்று தெரிந்துகொண்டேன். அடுத்தவரை ஜெயிக்கும்படி அனுப்பி வைப்பதற்கு அதைவிடப் பெரிய மனசு வேண்டும் என்பதையும் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.