பன்னுவைப் பழக்கிய பால்வாடி ஆயா

கடத்தூர் பக்கத்தில் பால்வாடி ஆயா காவேரி வீடு எது என்று கேட்டால் எவரும் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள். இருபத்தாறு வருஷமாக அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியது, மூக்குச் சிந்திவிட்டது, எல்லாவற்றுக்கும் மேலாக டிராயரை நனைக்காமல் இருக்கப் பழக்கியது, எல்லாம் அவள்தான். காலையில் சத்துமாவு உருண்டை கொடுத்த அரைமணி நேரத்தில் பிள்ளைகளை வரிசையாகப் பின்பக்கம் கூட்டிப் போவாள். குந்தவைத்து, பல்லைச் சேர்த்துக்கொண்டு, "ஸ்ஸ்ஸ்ஸ்" என்பாள். நம் எல்லோரையும் நம் அம்மாக்கள் அப்படித்தான் பழக்கினார்கள், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் காவேரி வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் அழுகிற பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டு வேலையை முடிக்கும்.

அந்தக் கையில் வளர்ந்தவர்கள் இன்று லாரி ஓட்டுகிறார்கள், போலீஸில் இருக்கிறார்கள். எவனாவது அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் போதும். "டேய், உன்ன நான் எந்தக் கோலத்துல பாத்தவ தெரியுமா?" என்று ஒரே போடாகப் போடுவாள். அதற்கு மேல் அவன் எங்கே பேசுவது!

இப்படி ஊரே அடங்கிப்போனால் ஒரு மனுஷிக்கு என்ன ஆகுமோ அது காவேரிக்கும் ஆகியிருந்தது. 'நான் பண்ணது தப்பு' என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. முப்பது வருஷமாகக் கூடவே வாழ்கிற புருஷன் பெரியண்ணனே கேட்டதில்லை.

ஒரே மகன் அருள்குமார் ஓசூரில் கம்பெனி வேலை. கூட வேலை பார்த்த ஜாஸ்மினைப் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டான். பெரியண்ணன் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தார். காவேரி போகவில்லை, அன்றைக்கும் பால்வாடிக்குத்தான் போனாள். பிறகு ஓசூரில் வாடகைக்கு ஒரு நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லி மகன் அந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்து விட்டான். அவன் வாரம் ஒருநாள் வந்து போனான்.

பெண் வந்த மூன்றாம் நாள் அவள் அப்பா சவுரியப்பன் பாப்பாரப்பட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்தார். ஒரு கையில் அட்டைப் பெட்டியோடு குக்கர், இன்னொரு கையில் ஒயர் கூடைக்குள் ஒரு நாய்க்குட்டி. பெண் வீட்டுச் சீர் மொத்தமே அவ்வளவுதான். குட்டி பன் நிறத்தில் இருந்ததால் பேர் பன்னு. ஜாஸ்மின் பால் புகட்டி வளர்த்தது, அவள் கட்டிலுக்கு அடியில் படுத்தே பழகியது.

காவேரி வீட்டில் நாய் என்றால் வாசலோடு சரி. அதிலும் மூன்று வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் விற்ற காசில் வீடு முழுக்க டைல்ஸ் போட்டதிலிருந்து பெரியண்ணன் கோழி எட்டிப் பார்த்தால்கூடக் கல்லெடுப்பார். பன்னு அந்த டைல்ஸில் வந்த அன்றே மூன்று இடத்தில் நனைத்துவைத்தது. வெளியே கட்டினால் தொண்டை கிழிய ஊளையிட்டது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெரியண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

"இன்னும் ரெண்டு வாரம் பாப்பேன். அடுத்த ஞாயித்துக்கெழம உட்டு அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம நான் வூட்லயே குந்திக்கினு பாப்பேன். அன்னிக்கும் தரை நனைஞ்சா, அதே கூடையில போட்டு பாப்பாரப்பட்டி பஸ் ஏத்திட வேண்டியதுதான்."

ஜாஸ்மின் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். காவேரிக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் பழக்கறேன் உடுங்க. ஊர்ப் புள்ளைங்களயே பழக்கினவளுக்கு இது என்ன, கலெக்டர் வூட்டு நாயா?"

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். விடிந்ததும் ஒருமுறை, தின்றதும் ஒருமுறை, சாயங்காலம் பால்வாடியிலிருந்து வந்ததும் ஒருமுறை. பின்பக்கம் புங்க மரத்தடியில் பன்னுவை நிறுத்தி, தானும் எதிரே குந்திக்கொண்டு, "ஸ்ஸ்ஸ்ஸ்" என்பாள். முதல் இரண்டு நாள் அது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஒன்றுக்குப் போனது. போனதும் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பிஸ்கட்டில் ஒரு துண்டு கொடுத்தாள். ஒரு வாரத்தில் சத்தம் கேட்ட உடனே காலை மடக்கிவிட்டு, பிஸ்கட்டுக்குத் தலையைத் தூக்கியது. காவேரி இதைப் பஸ் ஸ்டாப்பில், ரேஷன் கடையில், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாரிடம் எல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

ஆனால் பாருங்கள், அவள் பால்வாடிக்குப் போகிற நாளெல்லாம் மத்தியானம் மட்டும் தவறாமல் தரை நனைந்தது. பெரியண்ணன் மஞ்சள் காட்டிலிருந்து சாப்பாட்டுக்கு வரும்போது சமையல்கட்டு வாசலில் ஒரு குட்டைத் தண்ணீர் அவரை வரவேற்கும்.

"எங்கிட்ட ஒழுங்காத்தான இருக்குது? பகல்ல யாரு பாத்துக்கறாங்களோ அவங்களக் கேளுங்க" என்றாள் காவேரி.

"நேரத்துக்கு வெளிய உடறேங்க" என்றாள் ஜாஸ்மின். மாமியாரை இன்ன முறை என்று சொல்லிக் கூப்பிட அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. "போயிட்டுத்தாங்க உள்ள வருது. நான் சோறு ஆக்கற நேரத்துல திரும்பவும் பண்ணிடுது. ஏன்னே தெரியலைங்க."

"எனக்குத் தெரியுது" என்று காவேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். தன்னால் முடிந்தது, வந்தவளால் முடியவில்லை. மறைப்பானேன், அந்தச் சந்தோஷத்தை அவள் நன்றாகவே அனுபவித்தாள்.

கெடுவுக்கு முதல்நாள் சனிக்கிழமை. காவேரி துணி எடுக்கப் பின்பக்கம் போனபோது தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஜாஸ்மின் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்த வாரம் டூட்டியா? சரி, வராட்டி பரவால்ல, சொல்றதக் கேளு. நாளைக்கிப் பன்னு போச்சுன்னா நானும் எங்கப்பா வூட்டுக்குப் போயிடறேன். கோவத்துல சொல்லல அருளு. எங்க வூட்லேருந்து வந்தது எதுவும் இங்க ஒட்டல. நான் மட்டும் எப்படி ஒட்டுவேன்?"

இந்தப் பெண் தோற்கட்டும் என்று காவேரி நினைத்தாளே தவிர, போகட்டும் என்று நினைக்கவில்லை. இவள் போனால் பின்னாலேயே மகனும் போவான். அப்புறம் பொங்கலுக்கு ஒருநாள் வந்து தலையைக் காட்டினால் அதிசயம். கையில் இருந்த துணியை மறுபடியும் கொடியிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியண்ணன் சொன்னபடி காட்டுக்குப் போகவில்லை. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பால்வாடி லீவு, காவேரியும் வீட்டில். பதினோரு மணிக்கு அவளே பன்னுவைப் புங்க மரத்தடிக்குக் கூட்டிப்போய் முடித்துக் கூட்டிவந்தாள். அது சமையல்கட்டு வாசலில் படுத்துக்கொண்டது. காவேரி ஒரு அடுப்பில் களி கிண்டினாள். பக்கத்து அடுப்பில் ஜாஸ்மின் தன் குக்கரில் அரிசி வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். களிக்குக் குக்கர் வேண்டாம், அதனால் காவேரி அதைத் தொட்டதே இல்லை. அவள் வீட்டில் இருக்கிற நேரத்தில் அது அடுப்பேறியதும் இல்லை.

குக்கர் சூடேறியது. வெயிட் லேசாக ஆடியது. "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்" என்றது.

பன்னு எழுந்தது. இடது பக்கம், வலது பக்கம் பார்த்தது. பிறகு பால்வாடிப் பிள்ளை மாதிரி சமர்த்தாகக் காலை மடக்கி, டைல்ஸ் மேலேயே நனைத்துவிட்டது. முடித்ததும் தலையைத் தூக்கிக் காவேரியின் முந்தானையைப் பார்த்தது.

துடுப்பு களியிலேயே நின்றது. காவேரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அட கடவுளே! நாய் ஒருநாளும் தப்புச் செய்யவில்லை. சொன்ன சொல்லைத் தட்டாமல் கேட்டிருக்கிறது.

"ஆச்சா? பாத்தியா?" கூடத்திலிருந்து பெரியண்ணன் எழுந்தார். "எடு அந்தக் கூடைய."

ஜாஸ்மின் வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பரணிலிருந்த ஒயர் கூடையை எட்டி எடுத்தாள். கண் நிறைந்திருந்தது, வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

காவேரி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நாய் போயிருக்கும், பெண் போயிருப்பாள், இருபத்தாறு வருஷப் பேர் மட்டும் பத்திரமாக வீட்டில் இருந்திருக்கும். ஒரு விசில் வருகிற நேரம் அவள் அப்படியே நின்றாள். பிறகு இரண்டு அடுப்பையும் அணைத்தாள்.

"கூடையக் கீழ வை. தப்பு நாயோடது இல்ல. அந்தப் புள்ளையோடதும் இல்ல. நான் பண்ண தப்பு."

பெரியண்ணன் வாயைப் பிளந்தார். "என்னாது?"

"வெளிய வாங்க, காட்டறேன்."

மூன்று பேரும் புங்க மரத்தடிக்குப் போனார்கள், பன்னுவும் கூடவே வந்தது. காவேரி குந்தவில்லை, நின்றபடியே, "ஸ்ஸ்ஸ்ஸ்" என்றாள். வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாத பன்னு பாவம், காலை மடக்கி, முக்கி, இரண்டு சொட்டு விட்டுவிட்டு பிஸ்கட்டுக்குத் தலையைத் தூக்கியது.

"குக்கரும் இதையேதான் சொல்லுது. நாய் யாரு சொல்றதக் கேக்கும்?"

பெரியண்ணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "அடிப்பாவி! அப்ப நீ பழக்கின பசங்க அத்தன பேருக்கும் சொல்லிடு, குக்கர் இருக்கற பக்கம் போவாதீங்கடான்னு. அந்தப் போலீஸ்காரனுக்கு மொதல்ல சொல்லு!"

ஜாஸ்மின் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. காவேரியின் முகம் சிவந்துபோனது, ஆனால் அவள் யாரையும் அதட்டவில்லை.

"ரெண்டு வாரமா உம்மேலயே பழி போட்டுக்கினு இருந்தேன்" என்றாள். "மனசுல வெச்சுக்காத."

"ஐயோ, இருக்கட்டுங்க அத்தை" என்றாள் ஜாஸ்மின். பிறகு தயங்கி, "குக்கர எங்கப்பாகிட்டயே குடுத்துடறேன். சட்டியில வடிச்சுக்கறேன்" என்றாள்.

"ஒன்னும் குடுக்க வேணாம்" என்றாள் காவேரி. "உங்க வூட்லேருந்து வந்தது மூணு. மூணும் இங்கதான் இருக்கும்."

ஜாஸ்மின் சட்டென்று தண்ணீர்த் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். காவேரி அதற்குள் களியைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

இப்போது குக்கருக்கு இடம் பின்பக்கம், வெந்நீர் போடுகிற விறகடுப்பில். அடி முழுக்கக் கரி பிடித்துவிட்டது. மத்தியானம் அங்கிருந்து சத்தம் வந்தால் பன்னு எங்கே படுத்திருந்தாலும் எழுந்து, டைல்ஸைத் தாண்டி ஓடி, புங்க மரத்தடியில் வேலையை முடித்துவிட்டு வருகிறது. அது ஓடும்போது பெரியண்ணன் நாற்காலியில் இருந்தபடி காலைத் தூக்கி வழிவிடுகிறார்.