எது புயல், எது பழசு?

புது வீடு கட்டுகிற காண்ட்ராக்டருக்கு எதிரே ஒருவர்தான் உட்காருவார். இன்ஷூரன்ஸில் பழுது பார்க்கிற காண்ட்ராக்டருக்கு எதிரே இரண்டு பேர். வீட்டுக்காரர் "எல்லாமே புயல்ல போனதுதான்" என்பார். கம்பெனி அனுப்புகிற சர்வேயர் "இதுல எது புயல்ல போச்சு?" என்பார். நடுவில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பது நாம். இதே தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். கோட்டுச்சேரியில் வீடு. ஒரு ஸ்கூட்டர், ராஜேந்திரன் அண்ணன் என்கிற கொத்தனார், அவருடைய ஆட்கள். என் கம்பெனி அவ்வளவுதான். பூச்சு வேலை, ஒழுகல் அடைப்பது என்று ஓடிக்கொண்டிருந்தவளை ஒரு புயல்தான் இன்ஷூரன்ஸ் பக்கம் தள்ளிவிட்டது.

ஒரே வரியில் ஒரு வீடு

முதல் வேலை காரைக்கால் டவுனில் ஒரு தையல்கடைக்காரர் வீடு. பக்கத்து வீட்டுத் தென்னை மரம் சாய்ந்து மாடிக் கைப்பிடிச் சுவரையும் வாசல் போர்ட்டிகோவையும் உடைத்திருந்தது. வீட்டுக்கடன் வாங்கியபோது பேங்கில் கூடவே ஒரு பாலிசியும் போட்டிருக்கிறார்கள். அவருக்கே அது மறந்துபோயிருந்தது. "எஸ்டிமேட் வேணுமாம் மேடம்" என்றார். நான் வழக்கம்போல் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, 'வீடு பழுது பார்க்க ரூ. 1,50,000' என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து சர்வேயர் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் சொந்த டேப். என் தாளை வாங்கிப் படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தார். பிறகு டேப்பின் முனையை என் கையில் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். கைப்பிடிச் சுவர் எத்தனை அடி, உடைந்ததை இடித்தெடுக்க எவ்வளவு, செங்கல் கட்டு எவ்வளவு, பூச்சு எத்தனை சதுர அடி, பெயிண்ட் எவ்வளவு, சாரம் கட்ட எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனி அளவு, தனி விலை. மதியம் முழுக்க அளந்து, திரும்பக் கூட்டிப் பார்த்தால் நான் எழுதிக் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே வந்தது! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷமாக எத்தனை வீட்டில் சாரம் கட்டின கூலியை நானே கையிலிருந்து போட்டிருக்கிறேனோ தெரியவில்லை. புது எஸ்டிமேட்டை வாங்கிக்கொண்ட சர்வேயர், பழைய தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இத நீங்களே வெச்சுக்குங்க மேடம். கூட ஒரு ரூபா சேத்து எழுதியிருந்தீங்கன்னா மொய்னு வாங்கி வெச்சிருப்பேன்."

தெவி வந்தாச்சா?

டவுனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் சொல்தா ஐயா, அதாவது சிப்பாய் ஐயா. மழைக்காற்றில் மாமரக் கிளை விழுந்து பின்கட்டு ஓடெல்லாம் நொறுங்கிவிட்டது. போன் பண்ணினார். "இன்ஷூரன்ஸ்காரன் வரதுக்குள்ள வந்து பாரும்மா. வரும்போது தெவி இல்லாம வராத. தெவி ரொம்ப முக்கியம்" என்றார்.

தெவியா, யார் அது? ராஜேந்திரன் அண்ணனிடம் கேட்டேன். "நம்ம சித்தாள் தேவியத்தான் சொல்றாரு. போன வருஷம் அவர் வீட்ல திண்டு கட்டினப்போ கல்லு தூக்குச்சுல்ல, ஞாபகம் வெச்சிருக்காரு போல" என்றார். வேலைக்கார ஆட்களில் ஒருத்தரைப் பெயர் சொல்லிக் கேட்கிறார் என்றால் மரியாதைதானே என்று தேவியையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

கதவைத் திறந்த ஐயா, "தெவி வந்தாச்சா?" என்றார். "இதோ, இவங்கதாங்க" என்றேன். ஐயா தேவியைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, நிமிர்ந்து நின்று, "போன்ழூர் மதாம்" என்று தலை குனிந்து வணங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டார். காப்பி வந்தது, பிஸ்கோத்து வந்தது. குடித்து முடித்ததும், "சரி, தெவிய எடு" என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளேயிருந்து வந்த அவர் வீட்டம்மா விஷயம் புரிந்து சிரித்த சிரிப்பில் காப்பி டம்ளர் உருண்டது. எஸ்டிமேட்டுக்கு பிரெஞ்சில் தெவி என்று பெயராம். என்ன வேலை, எவ்வளவு, என்ன விலை என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று ஐயா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து என் எஸ்டிமேட்டில் வீட்டுக்காரர் கையெழுத்துக்கும் ஓர் இடம் உண்டு. திரும்பி வரும் வழியில் பின்சீட்டிலிருந்து தேவி கேட்டாள்.

"எஸ்டிமேட்டுன்னா எல்லாரும் இப்படித்தான் நிமிர்ந்து நின்னு வணக்கம் சொல்வாங்களா மேடம்? அப்ப நாளைக்கும் நானே வரேன்."

கல்யாணத்துக்கு முந்தின விரிசல்

கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ரிட்டையரான ஒருவர் எங்கள் கோட்டுச்சேரியிலேயே இருக்கிறார். புயலில் அவருக்கு இரண்டு ஜன்னல் கண்ணாடியும் மாடித் தரையில் பதித்த தட்டு ஓடுகள் கொஞ்சமும் போயிருந்தன. என்னைக் கூப்பிட்டவர் சமையலறையிலிருந்து ஆரம்பித்தார். மேடையை மாற்ற வேண்டும், குளியலறைக்கு டைல்ஸ், கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஓடுகிற விரிசலுக்கு மறுபூச்சு. "எல்லாத்தையும் ஒரே எஸ்டிமேட்ல போட்டுடும்மா, புயல் ஒண்ணுதானே?" என்றார்.

இந்த இடத்தில் நாமெல்லாம் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். முடியாது என்றால் வேலை போய்விடும். சரி என்றால் அடுத்த வேலைக்கு நம் எஸ்டிமேட்டை யாரும் நம்பமாட்டார்கள். நான் இரண்டாக எழுதினேன். புயல் சேதம் ஒரு தாள், அவருடைய ஆசை ஒரு தாள். ஆசைக்குக் கொஞ்சம் விலை குறைத்தும் போட்டேன். அவருக்கு மனசே ஆறவில்லை. "விரிசல மட்டும் நான் சர்வேயர்கிட்ட பேசிக்கறேன்" என்றார். சர்வேயர் வந்தார். "காத்து அடிச்ச அடியில சார், என் கண்ணு முன்னாடி சுவர் பொளந்துச்சு" என்று இவர் கையை விரித்து நடித்துக் காட்டுகிறபோது, இவருடைய மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வந்தவர் பயந்துவிடக் கூடாதே என்கிற எண்ணத்தில் சொன்னார்.

"இந்த விரிசலுக்கெல்லாம் பயப்படாதீங்க சார், ஒண்ணும் ஆவாது. நான் கல்யாணமாகி வந்தன்னைக்கே இது இருந்துச்சு."

மூஞ்சிக்கு மட்டும்

கீழவாஞ்சூரில் டீக்கடை வைத்திருக்கிற ராணியக்கா வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து இடித்துவிட்டது. பாலிசியில் அதற்கும் இடம் இருந்தது. உடைந்த பத்தடியை மட்டும் கட்டி, பூசி, பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். எஸ்டிமேட்டிலும் பத்தடிக்குத்தான் போட்டிருந்தேன். புதுப் பச்சை பளபளவென்று நிற்க, இரண்டு பக்கமும் பழைய பச்சை வெளுத்துப் போய்க் கிடந்தது. இப்போதெல்லாம் எஸ்டிமேட்டில் பெயிண்டை மூலையிலிருந்து மூலைவரை போட்டு, ஏன் என்பதற்கு ஒரு போட்டோவும் வைக்கிறேன். காரணம் சரியாக இருந்தால் சர்வேயரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார். அந்தப் புத்தி வந்தது, சுவரைப் பார்த்துவிட்டு ராணியக்கா சொன்னதிலிருந்துதான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போட்டுட்டு கழுத்த விட்டுட்டீங்களே!"

மண்டபத்தூர் மாடி

மண்டபத்தூரில் செல்லம்மா அக்கா மீன் விற்கிறவர். அவர் புருஷன் குமரேசன் படகில் போகிறவர். கடன் வாங்கி மாடியில் ஓர் அறையும், அதற்கு முன்னால் ஷீட் கொட்டகையும் போட்டிருந்தார்கள். கட்டிச் சில வருஷமாகிறது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்கப்போவதும் அந்த மாடியில்தான். புயல் வந்து கொட்டகையை அப்படியே பிய்த்துத் தெருவில் போட்டது. அறைக்குள் தண்ணீர் இறங்கி, மேல்தளத்துப் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. செல்லம்மா அக்கா அழவில்லை, கோபமாக இருந்தார். "பேங்க்ல கேட்டுப் பாருங்க, கடனோட பாலிசி இருக்கும்" என்றேன். இருந்தது.

அளந்து எழுதிக் கொடுத்தேன், சர்வேயர் பார்த்துவிட்டுப் போனார், வேலை ஆரம்பித்தது. ராஜேந்திரன் அண்ணன் மீதிப் பூச்சைத் தட்டி எடுத்தபோதுதான் உள்ளே கம்பியெல்லாம் துரு ஏறி உப்பியிருப்பது தெரிந்தது. அதை அப்படியே மூடிப் பூசினால் ஒரு வருஷம் தாங்காது. வேலையை நிறுத்தச் சொல்லி சர்வேயருக்குப் போன் செய்தேன். கூடுதலாக ஏதாவது தெரிந்தால் அவர் பார்க்கும்வரை மூடக்கூடாது. குமரேசன் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அதையும் புயல்னு எழுதிடுங்க மேடம். யாரு வந்து கம்பிய விசாரிக்கப் போறா? பொண்ணு கல்யாணம்" என்றார். கெஞ்சவில்லை, நியாயம்போலத்தான் கேட்டார். "அண்ணே, கம்பி ஒரு ராத்திரியில துரு பிடிக்காதுன்னு அவருக்குத் தெரியும். இதுல நான் பொய் எழுதினா, இந்தத் தெருவுல இன்னும் நாலு வீடு இருக்கு, அதுல நான் எழுதின நிஜத்தையும் நம்பமாட்டாரு" என்றேன். அவர் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். செல்லம்மா அக்காவும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த வேலையே வேண்டாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் சர்வேயர் வந்தார். பூச்சு விழுந்தது புயல் தண்ணீரால், அது சேரும். துரு பழசு, அது சேராது என்றார். நான் ஏற்கெனவே அப்படித்தான் இரண்டு தாளாக எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்துத் தலையாட்டினார். பிறகு பழைய எஸ்டிமேட்டை எடுத்து, "இதுல ஒண்ணு விட்டுட்டீங்க. தெருவுல கிடக்கிற உடஞ்ச ஷீட்டு, பைப்பு எல்லாம் தானா எழுந்து நடந்து போயிடுமா? இடிபாடு அள்ள வண்டி வாடகை, ஆள் கூலி எங்க?" என்றார். அதுவும் பாலிசியில் உண்டாம். அது மட்டுமல்ல, கொட்டகையைத் தாங்கின பைப்பில் வளைந்ததை நான் நிமிர்த்துவதாக எழுதியிருந்தேன். "நிமிர்த்தின பைப்பு அடுத்த காத்துக்கு நிக்காது, புதுசு போடுங்க" என்று அவரே சொன்னார்.

துரு பிரச்சினை மட்டும் மிச்சம். கடலில் காற்று இருந்ததால் படகுகள் போகாத நாட்கள் அவை. அன்று சாயங்காலம் குமரேசன் அண்ணன் திரும்பி வந்தபோது தனியாக வரவில்லை. கூடவே படகுக்காரர்கள் ஒரு கூட்டம். படகில் துரு சுரண்டுகிற கம்பி பிரஷ்ஷை ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். "இதத்தானே தினமும் கரையில செய்யறோம்" என்று மேல்தளத்துக்குக் கீழே வரிசையாக நின்று சுரண்டினார்கள். தலையெல்லாம் துருப்பொடி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பு. மணல் ஏறியது, சிமெண்ட் ஏறியது, யாரோ ஒரு குண்டான் நிறைய மீன்குழம்பு கொண்டுவந்தார்கள். ராஜேந்திரன் அண்ணன் சத்தம் போட்டு வேலை வாங்கிய அழகைப் பார்க்க வேண்டுமே! புதுக் கம்பிக்கும், மறுபடி துரு ஏறாமல் தடவுகிற மருந்துக்கும் மட்டும் வீட்டில் பணம் போட்டார்கள். மாடி முடிந்து, பெயிண்ட் வாசனை போவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள்.

கல்யாணத்துக்குப் போனேன். சர்வேயரையும் கூப்பிட்டிருந்தார்கள், அவர் வரவில்லை, சர்வே பார்த்த வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை என்பது அவர் வழக்கம். போனில் மட்டும் வாழ்த்துச் சொன்னாராம். சாப்பாட்டுப் பந்தியில் செல்லம்மா அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சம்பந்தியம்மாவுக்கு முன்னால் நிறுத்தினார்.

"இதுதான் எங்க மாடியப் போட்ட பொண்ணு. எஸ்டிமேட்ல ஒரு பைசா கூட்டி எழுதச் சொன்னா எழுதாது. ஆனா என் கூடையில இருக்கிற வஞ்சிரத்துக்கு மட்டும் பாதி விலைதான் கேக்கும்!"

ஆக, சக காண்ட்ராக்டர்களே, காற்று எழும்பி ஊரே ஜன்னலைச் சாத்துகிற நேரத்தில் போன் அடிக்காதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே கூட்டம் நாம்தான் என்பதால், அதற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டுவிட்டாவது எஸ்டிமேட்டை நேராக எழுதித் தொலைப்போம்.