நான் அடைத்த வாசல்

மலேசியாவின் குடாட் ஊரில், மழை விட்டதும் பக்கத்து வீட்டுக் கொடியில் முதலில் ஏறுவது உடுப்பு அல்ல, மணி கோத்த பட்டிகள். நூல் உக்கிப் போகாமல் மஜிமா அவற்றைக் காற்றாட விடுவாள். ருங்குஸ் இனத்தவள், என் வயதுக்காரி. படகு எஞ்சின் திருத்த வந்த என் கணவரோடு நான் இங்கே வந்திறங்கிய அன்று, சுடுசோற்றோடு கதவைத் தட்டியவள் அவள்தான். விழாக்களில் அவர்கள் தோளில் குறுக்காக அணியும் பட்டிக்குப் பினாக்கோல் என்று பெயர்.

அறுவடை விழாவுக்கு முன், நூல் தளர்ந்த ஒரு பினாக்கோலை இறுக்கித் தரும்படி கேட்டாள். நான் மீன்வலைக்கு முடிச்சுப் போடுவதை அவள் பார்த்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆனாலும் இலங்கையில், எங்கள் ஊரான முல்லைத்தீவில், பாடம் முடிந்து வந்ததும் அப்பா கிழிந்த வலையை என் மடியில் போடுவார். "ஓட்டையைக் கண்டால் விடாதை பிள்ளை. உனக்குக் கணக்குத் தெரியும், மீனுக்கு வழி தெரியும்," என்பார்.

பட்டியின் ஓரத்தில் ஒரு மணி அளவுக்கு இடைவெளி இருந்தது. அறுந்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அம்மா தந்த மாலையிலிருந்து ஒரு நீல மணியைக் கழற்றி, அங்கே வைத்து வலை முடிச்சுப் போட்டேன். பெருமையோடுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வாசலை ஏன் அடைத்தாய்?" என்று மலாயில் கேட்டாள் மஜிமா.

"இனி ஒருநாளும் கழலாது," என்றேன் நான்.

அவள் பட்டியில் மணிகளால் கோத்திருந்த மனித உருவத்தைத் தொட்டுக் காட்டினாள். ஈட்டியோடு புறப்பட்டவன் அவன். அவனைச் சுற்றியிருந்த கூர்முனைக் கோலங்கள் அவன் கடந்த காடு. ஓரத்து இடைவெளி அவன் வீடு திரும்பும் வழி. அவள் வீட்டில் அந்தக் கதையை அப்படித்தான் சொல்வார்களாம். அவளுடைய கணவன் கப்பல் வேலைக்குப் போய் எட்டு மாதம். விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

என் கணவருக்குச் சிரிப்பு. "வாசலை நீ பூட்டிப்போட்டாய். அந்த மனுசன் இனிக் கூரையைப் பிரிச்சே வாறது?"

நூலை வெட்டினால் பட்டி முழுவதும் சிந்திவிடும். மஜிமா பட்டியை இழுத்துப் பிடிக்க, ஊசி முனையால் என் முடிச்சை நானே ஒரு பகல் முழுவதும் அவிழ்த்தேன். இடையில், "உன் ஊர் வழி திறந்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாள். போரால் வவுனியாவுக்கு அப்பால் பாதை பூட்டிக் கிடப்பதையும், இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பில் இருக்கும் அம்மாவின் கடிதம் மாதக்கணக்கில் வராததையும் சொன்னேன்.

விழாவன்று அவளுடைய கணவன் பஸ்ஸால் இறங்கினான். மறுநாள் காலை மஜிமா ஒரு சிரட்டை நிறைய மணிகளோடு வந்தாள். "உன்னுடையதைக் கோர்," என்றாள்.

கோத்துக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் ஒரு மணிக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்த இடம் வரும்போதெல்லாம் என் விரல்கள் தாமாக முடிச்சுப் போடப் போகின்றன, பிடித்து நிறுத்துகிறேன். அம்மாவின் நீல மணி அதற்குச் சரியான அளவு. அதைத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.