அடுப்பைப் பார்த்த மேசை

எளாவூர் சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் ஒரு தாபா இருந்தது. அதில் ஒரே ஒரு மின்விசிறி. அதற்கு நேர் கீழே ஒரே ஒரு மேசை. அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எனக்கிருந்த லட்சியம். மேசை காலியாகக் கிடந்தாலும் அப்பா அங்கே போகமாட்டார். நேராக அடுப்புக்கு எதிரே இருந்த மேசைக்குப் போய், அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். நானும் தம்பியும் அங்கே வெந்துகொண்டே சாப்பிடுவோம்.

அம்மா அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கார்களுக்கான ஒயர்களைக் கொத்தாகக் கட்டும் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் செகண்ட் ஷிப்ட். செகண்ட் ஷிப்ட் என்றால் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது கிளம்பிப் போய், நாங்கள் தூங்கிய பிறகு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள். அந்த வாரம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம் நாலு பேரும் ஒரே வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு தாபாவுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். வாரம் முழுக்க அப்பா சமையலைத்தான் சாப்பிடப் போகிறோம், பாவம், அதற்கு முன்னால் ஒரு வேளையாவது நாக்குக்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று அம்மா கூட்டிப்போகிறாள் என்றே நான் நினைத்திருந்தேன்.

உண்மையில் அது அப்பாவுக்குச் சமையல் வகுப்பு. இரும்புக் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்த அப்பா, அம்மா வேலைக்குப் போகும்வரை அடுப்பைப் பற்றவைத்தவர் இல்லை. தாபாவின் மாஸ்டர் தடா பக்கத்துக்காரர். பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசுவார். அப்பா தட்டில் இருப்பதை மறந்துவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மாஸ்டர், தாலுக்கு பூண்டு எப்போ போடறீங்கோ?"

"நெய்யி காஞ்சதும் போடணும் நைனா. செவந்துச்சின்னா பச்ச மொளகா. கருக வுட்டே, அவ்ளோதான்."

"மொளகாத்தூளு?"

"ஒரு கை."

இந்த 'ஒரு கை'தான் எங்களைப் படுத்திவிட்டது. மாஸ்டர் கிளறிய அண்டா லாரிக்காரர்கள் அத்தனை பேருக்குமானது. அப்பா அந்தக் கையை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தார். மாஸ்டர் மாதிரியே தோளைக் குலுக்கி, மிளகாய்த்தூளை ஒரு பிடி அள்ளி, எங்கள் சின்னக் குக்கரில் வீசினார். சாப்பிட்ட தம்பி வாசல்வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தான். காரத்தை அடக்க அப்பா பருப்பு சேர்த்தார், தக்காளி சேர்த்தார், தண்ணீர் சேர்த்தார். குக்கர் போதாமல் குண்டானுக்கு மாற்றினார். கடைசியில் எங்கள் லைன் வீடுகள் அத்தனையிலும் அன்றைக்கு எங்கள் பருப்புதான். அம்மா வந்து கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். திட்டவில்லை, மறுநாள் தானே சமைத்துவைத்துவிட்டுப் போகவும் இல்லை. என் அம்மாவிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அது.

போகப்போக அப்பாவுக்குக் கை அடங்கியது. ஆனால் தாபாவில் அவர் கற்றது சமையல் மட்டுமில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வராத புகையை ஊதித் தள்ளியபடி எங்கள் முன்னால் வந்து நிற்பார். "டேபிள் நெம்பர் ஒண்ணு, இன்னா வேணும்?" என்று கேட்டு, ரொட்டி, பரோட்டா, சிக்கன், மட்டன் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார். நாங்கள் எதைக் கேட்டாலும் இப்போதுதான் தீர்ந்துபோயிருக்கும். எல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சுவது பருப்பும் சாதமும் முட்டைப் பொரியலும்தான். தினமும் அதே மூன்று. தினமும் ஏமாந்தோம், தினமும் தட்டைத் தட்டிக்கொண்டு காத்திருந்தோம். அம்மா இல்லாத சாயங்காலங்கள் என்று நான் அவற்றை நினைத்ததே இல்லை.

பொதட்டூர்பேட்டையிலிருந்த பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. தாத்தா போன பிறகு அப்பாவை வளர்த்து, ஐடிஐயில் சேர்த்துவிட்டவர் அவர். அவர் சொல்லை அப்பா தட்டி நான் பார்த்ததில்லை. ஒருநாள் போனில் அவர் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"பொம்பளய ராத்திரி பஸ்ல வரவுட்டுட்டு, பசங்கள பட்டினி போட்டுக்கினு இருக்கியா? வர்றேன். என் கண்ணால பாக்கறேன். சரியில்லன்னா அவள வேலய வுட்டு நிக்கச் சொல்லிடு."

அப்பா "சரிண்ணா" என்றார். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அம்மா நடக்கும் வேகமே மாறியிருந்தது. கம்பெனியில் கொடுத்த நீலக் கோட்டைத் தோய்த்து, உதறி, கொடியில் போடுவதைப் பார்த்தாலே தெரியும், அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பிடித்திருந்தது என்று. அந்தக் கோட்டு இல்லாத கொடியை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பெரியப்பா வேண்டுமென்றே செகண்ட் ஷிப்ட் வாரமாகப் பார்த்துத்தான் வந்தார். அம்மா அன்று லீவு போட்டு, கோழிக் குழம்பு வைத்து, அவரை மடக்கிவிடுவாள் என்று நான் நம்பியிருந்தேன். அவளோ காலையில் கோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஒரு வெங்காயம்கூட நறுக்கிவைக்கவில்லை. அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "கைய மட்டும் பாத்து போடுயா." எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அன்று சமைத்துவைத்திருந்தால் அவள் தோற்றிருப்பாள் என்பதெல்லாம் மூன்றாம் வகுப்புக்காரிக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் பெரியப்பா சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் தலைமுடியைப் பார்த்தார், தம்பியின் நகத்தைப் பார்த்தார், பாத்திரம் துலக்கியிருக்கிறதா என்று பார்த்தார். அடுப்படியில் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பூண்டு சிவந்தது, பச்சை மிளகாய் விழுந்தது, எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அண்ணன் பார்க்கிறார் என்கிற படபடப்பில் அப்பாவின் தோள் குலுங்கியதை நான் பார்த்துவிட்டேன். ஒரு பிடி மிளகாய்த்தூள் பருப்பில் விழுந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். போச்சு, அம்மா வேலை போச்சு என்றுதான் தோன்றியது.

நிலைமை தெரியாத தம்பி, தட்டைத் தட்டிக்கொண்டு, "பெரிப்பா, நீ ஆர்டர் குடுக்கணும். அப்போதான் சோறு" என்றான். பெரியப்பா புருவத்தைத் தூக்கினார். அப்பா வேறு வழியில்லாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"இன்னா சார் வேணும்?"

வளர்த்தவரைப் பார்த்து 'சார்' என்று சொல்லும்போது அப்பா துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். பெரியப்பா தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"மட்டன் சுக்கா இருக்குதா?"

"இப்போதான் சார் தீந்துச்சி."

"கோழி?"

"அதுவும் தீந்துடுச்சி சார்."

"அப்போ இன்னாத்துக்குய்யா கடய தொறந்து வச்சினுகீறே?" என்றார் பெரியப்பா. அடுத்த நொடி அவரும் சிரித்தார், அப்பாவும் சிரித்தார். அண்ணனும் தம்பியும் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சிரிப்பு பருப்பு வாய்க்குப் போகும்வரைதான். முதல் கவளத்திலேயே பெரியப்பாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மூக்கைத் துடைத்துக்கொண்டார். தம்பி பச்சை வெங்காயத்தில் பாதியை எடுத்து அவர் தட்டில் வைத்து, "இத்த கடிச்சிக்கோ பெரிப்பா. லாரிக்காரரு அப்டித்தான் சாப்புடுவாரு" என்று சொல்லிக்கொடுத்தான். பெரியப்பா கடித்தார். அப்புறம் இன்னும் இரண்டு கரண்டி பருப்பு ஊற்றச் சொன்னார். அன்றைக்கு எங்கள் லைனில் யாருக்கும் பருப்பு போகவில்லை.

காலையில் அம்மா அவருக்குக் காபி கொடுத்தபோது, நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா காபியை முழுக்கக் குடித்துவிட்டு, "உம் புருசன் தாலு நல்லா பண்றான். காரம்தான் பேஜாரு" என்றார். பஸ் ஏறும்வரை வேலையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அம்மா கோட்டை எடுத்துக் கொடியில் போட்டாள். நீலக் கோட்டின் கைகள் காற்றில் ஆடுவதை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமலேயே பெரியப்பா மறுபடி வந்தார். தனியாகத்தான் வந்தார். பெரியம்மாவுக்கு வேலை இருக்கிறது என்றார். அன்று எங்கள் தாபா நாள். விருந்தாளியை அடுப்பெதிரே உட்காரவைத்து வேகவிடமாட்டார்கள், இன்றைக்காவது எனக்கு மின்விசிறி மேசை கிடைக்கும் என்று நான் முன்னால் ஓடிப்போய் அதில் உட்கார்ந்து இடம் பிடித்தேன்.

பெரியப்பா என்னைத் தாண்டிப் போனார். அடுப்பெதிரே இருந்த மேசையில், அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தார். வேட்டியை மடித்துக்கொண்டு மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, பூண்டு எப்போ போடணும்?"

மாஸ்டர் சொன்னார். பெரியப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சரி, மொளகாத்தூளு எவ்ளோ?"

"ணா! அத மட்டும் அவராண்ட கேக்காத!" என்று பதறி எழுந்தார் அப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா ஒருவரே போதாதென்று, இப்போது பெரியப்பாவுக்கும் அதே பைத்தியம் பிடித்துவிட்டது, இனி ஜென்மத்துக்கும் மின்விசிறி கிடையாது என்று அழுகை அழுகையாக வந்தது. பொதட்டூர்பேட்டைக்கு ஒரு கம்பெனி வேன் வரத் தொடங்கியிருந்ததும், அதில் பெரியம்மா ஏறிப் போய்க்கொண்டிருந்ததும், அது அவளுடைய முதல் செகண்ட் ஷிப்ட் வாரத்துக்கு முந்தைய ஞாயிறு என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.