கொழுந்துக் கறை

பேனர் மையின் வாசம் மூக்கில் ஏறினால் போதும், அட்டன் டவுனில் பேனர் அடிக்கிற கடையில், குடை இருந்தும் மழையில் நனைந்து போய் நின்ற அந்த மத்தியானம் வந்துவிடும். எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சர்ச்சின் அறுப்பின் பண்டிகைக்கு நான்தான் பேனர் வரைந்திருந்தேன். எல்லாரும் போடுகிற கோதுமைக் கதிரைப் போடவில்லை. இந்த மலையில் கோதுமையை யார் அறுத்தது? கொழுந்து ஏந்திய என் அக்காவின் கைகளை வரைந்தேன், விரல் வெடிப்பில் ஊறிய கறுப்போடு.

கூட வந்திருந்த பாஸ்டர் கடைக் கம்ப்யூட்டர் திரையில் அதைப் பார்த்து முகம் சுளித்தார். “கை அழுக்கா இருக்கே. கொஞ்சம் வெள்ளையாக்குங்க.”

“அழுக்கு இல்லீங்க ஐயா, கொழுந்துக் கறை. சவுக்காரம் போட்டாலும் போகாது.”

“ஆண்டவர் காரியம், சுத்தமா இருக்கணும்ல.”

கடைக்கார அண்ணன் கையை வெள்ளையாக்க மவுஸைத் தொட்டார். நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

“இந்தக் கைதான் ஞாயித்துக்கெழம காணிக்கை போடுது. வெளுத்துட்டு வான்னா சொல்றீங்க? அப்படியே பிரிண்ட் அடிங்கண்ணே. நான் வர்றேன்.”